அடைமுட்டைத் துப்புரவும் குஞ்சு பொரிப்பும்

மடுல்சீமை, பசறை, லுணுகலை முதலிய ஊவா மலைப்பகுதிகளிலே நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரர் பலர் வீட்டுக் கொல்லையிற் சில நாட்டுக்கோழிகளையும் வளர்த்து வருகின்றனர். தேயிலைத் தோட்ட லயங்களிலும் இவ்வழக்கம் உண்டு. போஞ்சியும் கோவாவும் விலை போகாத வாரத்திற் கைச்செலவுக்கு உதவுவது பல வீடுகளில் ஒரு சேவலோ சில முட்டைகளோதான். நாட்டுப்பேடு ஆண்டிற்கு மூன்று அல்லது நான்கு முறையே முட்டையிட்டு அடைக்குக் கிடக்கும். ஒரு முறைக்கு 12 முதல் 15 முட்டைகள் வரை இடும். அவற்றுள் 12 முட்டைகளை அடை வைத்து, 21 நாட்கள் காத்திருந்து, ஐந்து குஞ்சுகள் மாத்திரம் வெளிவருமாயின், நட்டம் ஏழு முட்டைகளோடு நிற்பதில்லை. பேடு அடைகிடந்த மூன்று வாரங்களும், குஞ்சுகளோடு திரியும் இரண்டு மாதங்களும் முட்டையில்லாக் காலங்களே. ஐந்து குஞ்சுகளை வளர்க்கவும் அதே காலம், பன்னிரண்டை வளர்க்கவும் அதே காலம் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் நட்டத்தின் அளவு விளங்கும்.

இந்நட்டத்திற்குச் சேவலையும் பேட்டையும் நாளையும் குறைகூறுவோர் பலர். முட்டை அழுக்கடைந்திருந்தமையைக் காரணமாகக் கொள்வோர் சிலரே. எனினும் எல்லா இழப்பும் அழுக்கினால் வருவதன்று. ஆகவே முட்டையைத் துப்புரவாக்கும் முறைகளை ஆராயுமுன், பொரியாத முட்டைகளை உடைத்துப் பார்த்துக் காரணத்தை அறிதல் முதல் வேலையாகும்.

பொரியாத முட்டை கூறும் செய்தி

குஞ்சுகள் வெளிவந்து இரண்டு நாட்கள் கழிந்த பின்னர், எஞ்சிய முட்டைகளை வீட்டுக்கும் கிணற்றுக்கும் அப்பால் எடுத்துச் சென்று, ஒரு குழியின் மேலே வைத்து ஒவ்வொன்றாக உடைக்க வேண்டும். உள்ளே வெண்கருவும் மஞ்சட்கருவும் மாற்றமின்றி இருப்பின், அது கருக்கொள்ளாத முட்டை. அதற்குக் காரணம் சேவலிற் காணப்படும். எத்தனை பேடுகளுக்கு ஒரு சேவல் விடப்பட்டது, அச்சேவல் கிழடா, நோயுற்றதா என்று பார்த்தல் வேண்டும். மஞ்சட்கருவின் மேல் இரத்த வளையம் ஒன்று காணப்படின், கரு முதல் வாரத்திலேயே மடிந்தது என்பது பொருள். நெடுநாள் வைத்திருந்த முட்டை, அடுப்பருகே சூடேறிய முட்டை, பேடு எழுந்து சென்றதனாற் குளிர்ந்துபோன முட்டை ஆகியவற்றில் இதனைக் காணலாம். நன்கு வளர்ந்த குஞ்சு ஓட்டைக் கொத்த இயலாமல் இறந்திருந்தால், இறுதி மூன்று நாட்களின் ஈரத்தையும் வெப்பத்தையும் பற்றி ஆராய வேண்டும். உடைத்ததும் மூக்கைப் பொத்தச் செய்யும் நாற்றமும், பச்சை அல்லது கருநிறக் குழம்பும் காணப்பட்டால், அதுவே கிருமிகள் உட்புகுந்த முட்டை.

இந்நான்கையும் எண்ணி ஒரு தாளிற் குறித்து வைப்பவர் அடுத்த அடையில் எதனைத் திருத்த வேண்டும் என்பதை அறிவார். நாற்ற முட்டை பன்னிரண்டில் ஒன்றுக்கு மேற்பட்டால், கூட்டின் துப்புரவிற் குறை உண்டு என்று ஐயுறல் தகும். கருக்கொள்ளாத முட்டை ஆறு இருக்கும்போது முட்டையை எவ்வளவு துடைத்தும் பயனில்லை.

ஓடு அடைத்த சுவர் அன்று

முட்டையோட்டைக் கல்லைப் போன்ற சுவர் என எண்ணுதல் தவறு. அதில் ஏறத்தாழ 7000 முதல் 17000 வரையான நுண்துளைகள் உள்ளன. உள்ளிருக்கும் குஞ்சு இவற்றின் வழியாகவே மூச்சு விடுகின்றது. இவற்றின் வழியாகவே நீராவியும் வெளியேறுகின்றது. இத்துளைகளின் மேலே மெல்லிய பசைப்படை ஒன்று போர்த்திருக்கும். அப்பொழுதே இட்ட முட்டையில் ஈரமாகத் தோன்றி, சில நிமிடங்களில் உலர்ந்து மங்கலான பூச்சுப் போலாவது அதுவே. ஓட்டிற்கு உட்புறமாக இரண்டு சவ்வுகளும், அவற்றிற்கும் உள்ளே வெண்கருவும் காவலாக உள்ளன. வெண்கருவில் கிருமிகளைக் கரைக்கும் இலைசோசைம் என்னும் பொருள் உண்டு; 1922 ஆம் ஆண்டில் இதனைப்பற்றி எழுதியவர், பின்னாளிற் பெனிசிலினாற் புகழ்பெற்ற அலெக்சாந்தர் பிளெமிங் ஆவார். வெண்கருவிலுள்ள வேறொரு புரதம் இரும்பைப் பற்றிக்கொண்டு, கிருமிகளுக்கு வேண்டிய இரும்பு கிடையாதவாறு தடுக்கின்றது.

இவ்வளவு காவலிருந்தும் கிருமி எப்படி உட்செல்கின்றது? முட்டை இடப்படும்போது அதன் வெப்பம் கோழியின் உடல் வெப்பமான ஏறத்தாழ 41 பாகை சதமவளவை (106 பாகை பரனைற்று) ஆகும். மடுல்சீமையின் காலைக் குளிரில் அது விரைவாகக் குளிர்கின்றது. குளிரும்போது உள்ளிருப்பவை சுருங்குகின்றன. அவ்வெற்றிடத்தை நிரப்ப வெளிக்காற்று துளைகளின் வழியே உறிஞ்சப்படுகின்றது. மொத்தையான முனையிற் காணப்படும் காற்றறை இவ்வாறே உண்டாகின்றது. அந்நேரத்தில் முட்டை எச்சத்தின் மீதோ ஈர வைக்கோலின் மீதோ கிடந்தால், காற்றோடு அழுக்கு நீரும் கிருமிகளும் உள்ளே இழுக்கப்படும். உள்ளே சென்றவற்றை எந்த மருந்தினாலும் கழுவி எடுக்க இயலாது. முட்டை இடப்பட்ட முதல் ஒருமணி நேரத்தில் அது எங்கே கிடந்தது என்பதே பெரும்பாலும் அதன் விதியை முடிவு செய்கின்றது.

கூடே முதல் மருந்து

ஆகையாற் கமக்காரர் பணம் செலவிட வேண்டிய இடம் மருந்துக் கடையன்று; கோழி முட்டையிடும் பெட்டியே. 12 அங்குல அகலமும் 12 அங்குல நீளமும் 14 அங்குல உயரமும் உள்ள பலகைப் பெட்டி ஒன்று நான்கைந்து பேடுகளுக்குப் போதும். பழைய தேயிலைப் பலகைப் பெட்டி கிடைக்குமாயின் அதனையே பக்கவாட்டிற் சாய்த்துப் பயன்படுத்தலாம். அதனை நிலத்திலிருந்து இரண்டடி உயரத்தில், சாரல் படாத, சற்று இருண்ட இடத்தில் அமைத்தல் வேண்டும். உள்ளே வெயிலில் நன்கு காயவைத்த வைக்கோலோ மானாப்புல்லோ மூன்று அங்குலத் தடிப்பிற்கு இடுக. நெல் விளைவிப்போருக்கு உமியும் வைக்கோலும் இல்லாமற் போவதில்லை. எனினும் பூஞ்சணம் பிடித்த வைக்கோலைக் கூட்டில் இடுவதிலும் வெறும் பலகையே மேல். வாரத்திற்கு ஒருமுறை பழையதை நீக்கிப் புதியதை இடல் வேண்டும். எச்சம் காணப்பட்டால் அன்றே நீக்குக.

கோழிகள் இரவில் இப்பெட்டியில் உறங்குமாயின் விடியற்காலையில் அங்கு எச்சம் நிறைந்திருக்கும். முட்டைப் பெட்டியிலும் உயரமாக உறங்குங்கம்பு ஒன்றைக் கட்டிவிட்டால் அவை தாமாகவே அதிலேறி உறங்கும். மாலையிற் பெட்டியின் வாயிலை ஒரு சாக்கினால் மறைப்பதும் நன்று.

கோழிகள் பெரும்பாலும் முற்பகலிலேயே முட்டையிடும். வீட்டார் கொழுந்து பறிக்கச் சென்று மாலை திரும்பும்வரை முட்டைகள் கூட்டிலேயே கிடப்பது லயங்களிற் பொதுவாகக் காணப்படும் குறை. அதற்குள் மற்றப் பேடுகள் சேற்றுக் காலோடு அவற்றை மிதித்துவிடும். வீட்டிலிருக்கும் முதியோர் ஒருவர் காலை ஒன்பது மணிக்கும், நண்பகலுக்கும், பிற்பகல் மூன்று மணிக்கும் கை கழுவிய பின் முட்டைகளை எடுத்து வைத்தால் இக்குறை நீங்கும். இம்மூன்று நடைகளுக்கு ஈடான மருந்து இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

எடுத்த முட்டைகளை உடனே பிரித்தல் வேண்டும். மாசற்றவை அடைக்கு. கடுகளவு அழுக்கு ஒட்டியவற்றில், காய்ந்த அழுக்கை நகத்தாலோ கத்தி முனையாலோ மெல்லச் சுரண்டி நீக்கலாம். முட்டை முழுவதையும் மணற்காகிதத்தால் தேய்ப்பது பசைப்படையை அழித்து, தூளைத் துளைகளில் அடைக்கும். எச்சம் பூசியவை, நிலத்திற் கிடந்தவை, கீறியவை ஆகியன அடைக்கு ஆகா. கீறாத அழுக்கு முட்டைகளைக் கழுவி, நன்கு வேகவைத்து உண்ணலாம். பெரிய முட்டை, நல்ல பேட்டின் முட்டை என்று இரக்கங்கொண்டு அழுக்கானதையும் அடையில் வைப்பவர், அது நாறி வெடிக்கும்போது அருகிலுள்ள நல்ல முட்டைகளையும் இழப்பார்.

அடைக்கெனச் சேர்ப்பவற்றைக் கூர்முனை கீழாக நிறுத்தி, 15 முதல் 18 பாகை சதமவளவை (59 முதல் 65 பாகை பரனைற்று) வெப்பமுள்ள இடத்தில் வைத்தல் நன்று. சமவெளியார் இயந்திரத்தினாற் பெறும் இக்குளிர்ச்சியை மடுல்சீமையின் நிழலான அறை பல மாதங்களிற் செலவின்றியே தருகின்றது. ஆனால் அடுப்பின் மேலுள்ள பரணில் முட்டைக் கூடையைத் தொங்கவிடுவதால் இவ்வரப்பிரசாதம் வீணாகின்றது. 21 பாகைக்கு மேலே கரு மெல்ல வளரத் தொடங்கி, இரவுக் குளிரில் நின்று, நலிந்துவிடும். ஏழு நாட்களுக்கு மேற்பட்ட முட்டைகளிற் பொரிப்பு நாளுக்கு நாள் குறையும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த முட்டையின் மேல் நீர் வியர்க்கும். அவ்வீரமும் கிருமிக்கு வழியாகும்.

கழுவுதல் பற்றி

அடைமுட்டையைக் கழுவலாமா என்பது அடிக்கடி எழும் வினா. கழுவாதிருப்பதே பொது விதி. கழுவும்போது பசைப்படை கரைந்து துளைகள் திறந்துவிடுகின்றன. அதனினும் பெரிய தீங்கு குளிர்நீராலாவது. முட்டையிலும் குளிர்ந்த நீரில் அதனை இட்டால், உள்ளிருப்பது சுருங்கி, அழுக்கு நீரையே உறிஞ்சும். வெளியே வெண்மையாகத் தோன்றும் முட்டை உள்ளே கெட்டிருக்கும். ஈரத்துணியினாலோ மஞ்சள் நீரினாலோ துடைப்பதும் அழுக்கை ஓரிடத்திலிருந்து முட்டை முழுவதற்கும் பரப்புவதேயாகும்.

அரிய இன முட்டை, விலை கொடுத்துத் தொலைவிலிருந்து பெற்ற முட்டை முதலியவற்றைக் கைவிட இயலாத நிலையில் மாத்திரம் பின்வரும் முறையைக் கையாளலாம். நீரின் வெப்பம் 43 பாகை சதமவளவை (110 பாகை பரனைற்று) அளவில் இருத்தல் வேண்டும். வெப்பமானி இல்லாதவர், கொதிநீர் ஒரு பங்கும் பீலியிலிருந்து எடுத்த குளிர்நீர் இரண்டு பங்கும் கலந்தால் ஏறத்தாழ இவ்வெப்பம் கிடைக்கும். இவ்வாறு கலந்த நீர் ஐந்து லீற்றருக்கு, 5 வீதக் குளோரினுள்ள மணமூட்டாத வெளிற்றும் திரவம் 20 மில்லி லீற்றர் சேர்க்க வேண்டும். சவர்க்காரத்தையோ வேறு மருந்தையோ அதனோடு கலத்தல் ஆகாது. சிலவற்றோடு அது சேர்ந்தால் நச்சுவாயு எழும். முட்டைகளை இந்நீரில் மூன்று நிமிடங்களுக்கு மேல் வைக்காது, தேய்க்காது எடுத்து, துப்புரவான துணியின் மேற் காற்றில் உலரவிட்டு, உலர்ந்த பின்னரே கூடையில் வைத்தல் வேண்டும். நீர் அழுக்கானவுடனும் ஆறியவுடனும் மாற்றுக. ஒரே நீரில் ஐம்பது முட்டைகளைக் கழுவுவது ஒரு முட்டையின் கிருமியை ஐம்பதிற்கும் பங்கிடுவதாகும்.

எந்நீரைக் கொண்டு கழுவுவது என்பதும் அற்ப விடயமன்று. துருப்பிடித்த தகரப் பீப்பாவில் தேங்கிய நீரை லயங்களிற் பலவற்றுக்கும் பயன்படுத்துவர். முட்டை கழுவ அது தகாது. வெண்கருவின் புரதம் இரும்பை மறைத்து வைத்துக் கிருமியைப் பட்டினி போடுவதாக மேலே கூறப்பட்டது. இரும்பு கலந்த நீர் துளைவழி உட்சென்றால் அப்பட்டினி தீர்ந்துவிடும். இரும்பு மிகுந்த நீரிற் கழுவிய முட்டைகள் விரைவிற் கெடுவதை ஆராய்ச்சியாளர் பல்லாண்டுகளுக்கு முன்னரே கண்டறிந்தனர்.

இடி முழங்கினால் அடைமுட்டை கூழாகும் என்று அஞ்சி, கூட்டில் இரும்புத் துண்டும் கரியும் வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. ஐப்பசி கார்த்திகையிற் பிற்பகல் இடி மிகுந்திருப்பதும், அம்மாதங்களில் கூழ்முட்டை மிகுந்திருப்பதும் உண்மையே. ஆனால் இடியோடு வருவது மழை. மழையோடு வருவது நனைந்த கூடும், சேற்றுக் காலும், காயாத வைக்கோலும். முன்னோர் கண்ட காட்சி சரியானது. கூட்டின் மேல் ஒரு நல்ல கூரையும் அதற்கு ஏற்ற பரிகாரமாகும். கரித்துண்டினால் தீங்கில்லை.

புகையூட்டல்

பெரிய குஞ்சு பொரிப்பு நிலையங்களிலே போமலின் புகையூட்டும் முறை நெடுங்காலம் வழக்கிலிருந்தது. இன்றும் சிலவிடங்களில் உண்டு. கொண்டீஸ் எனப் பலரும் அழைக்கும் பொற்றாசியம் பரமங்கனேற்றின் மேலே போமலினை ஊற்றும்போது எழும் வாயு, ஓட்டின் மேலுள்ள கிருமிகளைக் கொல்லும். நூறு கனவடி இடத்திற்குப் பரமங்கனேற்று 60 கிராமும் போமலின் 120 மில்லி லீற்றரும் இட்டு, 20 நிமிடம் மூடி வைத்து, பின் காற்றை வெளியேற்றுவது நிலையங்களின் வழக்கம். அடை வைத்த பின் 24 ஆம் மணியிலிருந்து 96 ஆம் மணிவரை இப்புகை கருவைக் கொல்லுமாதலால் அக்காலத்தில் அதனை விலக்குவர்.

அதனைப் பற்றிக் கேள்வியுற்ற சிலர் வீட்டிலும் செய்து பார்க்க விழைவதால் இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. லய அறையிலோ வீட்டோடு சேர்ந்த சாய்ப்பிலோ இதனைச் செய்தல் எவ்வகையிலும் ஆகாது. அவ்வாயு கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். மூச்சுக் குழலைப் புண்ணாக்கும். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004 ஆம் ஆண்டில் போமல்டிகைட்டை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் வரிசையிற் சேர்த்துள்ளது. ஒரே சுவருக்கு அப்பால் அடுத்த வீட்டாரின் குழந்தை உறங்கும் லயங்களில், ஒருவர் தம் முட்டைக்கு இடும் புகை அக்குழந்தையின் மூச்சிற் கலக்கும். மேலும், 24 பாகை சதமவளவைக்குக் குறைந்த வெப்பத்திலும் உலர்ந்த காற்றிலும் இவ்வாயு திறம்பட வேலை செய்வதில்லை. மடுல்சீமையின் குளிர்ந்த காலையிற் செய்தால் ஆபத்து முழுமையாகவும் பயன் அரைகுறையாகவும் இருக்கும். அழுக்கின் அடியிலிருக்கும் கிருமியை அது எட்டுவதுமில்லை. இக்காரணங்களாற் பல நாடுகளின் நிலையங்கள் ஐதரசன் பேரொட்சைட்டுத் தூவல், ஊதாக்கடந்த ஒளி முதலியவற்றிற்கு மாறி வருகின்றன. பத்து முட்டை வைப்பவருக்கு இவை எவையும் தேவையில்லை.

உள்ளிருந்தே வரும் நோய்

எவ்வளவு துப்புரவாக எடுத்த முட்டையிலும் ஒரு நோய் மறைந்திருக்கக் கூடும். குஞ்சுகள் பொரித்த முதல் மூன்று வாரங்களில் கூட்டமாக ஒடுங்கி நின்று, பின்புறம் வெள்ளைக் கழிச்சல் ஒட்டி, வரிசையாக இறக்குமாயின், சல்மொனெல்லா புல்லோரம் என்னும் கிருமியை ஐயுறல் வேண்டும். அமெரிக்காவில் இரெற்கர் என்பவர் இதனை 1899 ஆம் ஆண்டில் விவரித்தார். தாய்ப்பேட்டின் முட்டைப்பையிலேயே இது தங்கி, ஓடு உருவாகுமுன்னரே மஞ்சட்கருவினுட் சேர்கின்றது. ஆதலால் ஓட்டின் மேற் செய்யும் எம்முறையும் இதனைத் தீண்டாது. நோய் நீங்கியதாகத் தோன்றும் பேடும் வாழ்நாள் முழுவதும் கிருமி தாங்கியாக இருக்கலாம். பேடுகளின் குருதியைச் சோதித்து, நோயுள்ளவற்றை நீக்குவதே வழி. 1935 ஆம் ஆண்டில் அமெரிக்கா நாடளாவிய திட்டமொன்றைத் தொடங்கியதும் இந்நோயை ஒழிப்பதற்காகவே. குஞ்சுகள் இவ்வாறு இறப்பின், இறந்தவற்றில் இரண்டொன்றைப் பொலித்தீன் பையிற் கட்டி, அண்மையிலுள்ள அரச மிருக வைத்தியரிடம் அன்றே காட்டுதல் வேண்டும். அக்கூட்டத்தின் முட்டைகளை அதுவரை அடை வைத்தலும், அயலாருக்கு அடைக்கெனக் கொடுத்தலும் ஆகா. அயலாருக்கு ஒரு கை முட்டை கொடுத்து உதவுவது நல்வழக்கமே. நோயும் அவ்வழியே வீடு வீடாகச் செல்லும்.

அடையில் இருக்கும் காலம்

பேட்டை அடை வைக்குமுன் அதன் இறகுகளைப் பிரித்துப் பேனும் செள்ளும் உளவா என்று பார்த்தல் வேண்டும். செள் கடித்த பேடு இரவில் எழுந்து நிற்கும், முட்டைகள் குளிரும். பழைய கூட்டை எரித்து, பெட்டியை வெயிலிற் காயவைத்து, புது மானாப்புல் இட்டு, பத்து முதற் பன்னிரண்டு நாட்டு முட்டைகளை இரவில் வைக்க வேண்டும். தீனியும் நீரும் கூட்டிற்குச் சில அடி தள்ளி இருக்கட்டும். எழுந்து சென்று உண்டு எச்சமிட்டுத் திரும்பும் பேடு கூட்டை அசுத்தப்படுத்தாது.

ஏழாம் நாள் இரவில், ஓர் அட்டைப் பெட்டியில் முட்டையிலும் சிறிய துளையிட்டு, உள்ளே மின்சூளை வைத்து, துளையின் மேல் முட்டையைப் பிடித்துப் பார்த்தால், உயிருள்ளதிற் சிலந்தி போன்ற செந்நிற நரம்புகள் தெரியும். தெளிந்தவற்றையும் இரத்த வளையமுள்ளவற்றையும் நீக்குக. பதினெட்டாம் நாள் மீண்டும் பார்க்கலாம். முட்டையை நீரிலிட்டு, அசைகின்றதா என்று பார்க்கும் பழைய முறையைக் கைவிடல் வேண்டும். பசைப்படை தேய்ந்து துளைகள் திறந்திருக்கும் அந்நாளில், நீரே கிருமியை உட்செலுத்தும்.

முட்டை ஒன்று கூட்டில் உடைந்தாற் பொழுது தாழ்த்தாமல் நனைந்த புல்லை நீக்கி, மற்றவற்றில் ஒட்டிய கருவை இளஞ்சூடான நீரிற் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்து, உலர்ந்த புல்லின் மேல் வைக்க வேண்டும். பேட்டின் அடியில் இருக்கும் முட்டை சூடாக இருப்பதால் குளிர்நீர் இங்கு மிகவும் கேடானது. நாற்றம் வீசும் முட்டையையோ, மேலே துளித்துளியாகக் கசியும் முட்டையையோ குலுக்காமல் எடுத்துப் புதைக்க வேண்டும்.

மார்கழி, தை மாதங்களின் மூடுபனியிற் கூட்டில் ஈரம் சேராமற் காப்பதே முக்கியம். ஆடி, ஆவணி மாதங்களில் ஊவாவின் மேல் வீசும் வறண்ட காற்றில் நிலை மாறுகின்றது. பதினெட்டு நாட்களில் முட்டை தன் நிறையில் நூற்றுக்கு 12 அல்லது 13 பங்கை நீராவியாக இழத்தல் இயல்பு. மலையுயரமும் வறண்ட காற்றும் சேர்ந்தால் இவ்விழப்பு மிகுந்து, சவ்வு இறுகிக் குஞ்சு சிக்கிக்கொள்ளும். அம்மாதங்களில் காற்று நேரே வீசாத மூலையில் கூட்டை வைத்து, பெட்டியின் அடியில் ஒரு படை ஈரமண்ணும் அதன் மேல் தடித்த உலர் புல்லும் இடுவது தகும். எண்ணெய் விளக்கினால் இயங்கும் சிறு பொரிப்புப் பெட்டி வைத்திருப்போர், முட்டையின் மேற்பரப்பு மட்டத்தில் 38.3 முதல் 38.9 பாகை சதமவளவை (101 முதல் 102 பாகை பரனைற்று) வெப்பத்தையும் நீர்த்தட்டையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் குஞ்சுகளை எடுத்த பின், பஞ்சையும் கோதுகளையும் அகற்றி, தட்டுகளைச் சவர்க்கார நீரிற் கழுவி வெயிலிற் காயவைத்தல் இன்றியமையாதது. முன்னைய பொரிப்பின் பஞ்சிலே அடுத்த பொரிப்பின் நோய் காத்திருக்கும்.

பொரிப்பு முடிந்த கூட்டின் புல்லும் எச்சமும் மரக்கறித் தோட்டக்காரருக்கு நல்ல பசளையே. எனினும் அதனைப் பச்சையாக லீக்ஸ், கரட், சலாது ஆகிய பாத்திகளில் இடல் ஆகாது. கூட்டெருக் குவியலிலிட்டு, சூடேறி ஆறும்வரை இருமுறை கிளறிவிட்டு, மூன்று மாதங்கள் சென்ற பின்னர் இடுக. நாறிய முட்டைகளைக் குவியலிற் போடாமல், நாய் தோண்டாத ஆழத்திற் சுண்ணாம்பு தூவிப் புதைத்தல் வேண்டும்.